வண்டி உக்காந்துருச்சு

ஹலோ... ஹலோ... யாருங்க? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க ஒரே இரைச்சலா இருக்கு... யாரு? துரைராசா? எந்தத் துரைராசு?...

அண்ணனா!

...ஆமா, உங்க நம்பரை எப்பவோ அழிச்சுட்டேன். அதான் பேரு வரல... ம்... ம்... நல்லா இருக்கேன். குந்தவைக்கு என்ன குறை, உங்க புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கேன்... இல்லண்ணே, குத்திக் காட்டல. என் மக மங்கை கல்யாணத்தன்னைக்குக் காலையில கடைசியாப் பேசினது. இப்ப அவ புள்ள பள்ளிக்கூடம் போவுது. இன்னைக்குத்தான் உங்களுக்குத் தங்கச்சி ஞாபகம் வந்திருக்கு. அதான் யாரோன்னு கேட்டேன்...

சரி, சொல்லுங்க. என்ன அவசரம்?... என்னது?... காருக்கு என்ன?... திரும்பச் சொல்லுங்க...

உக்காந்துருச்சா?

...இல்லண்ணே, சிரிக்கல. இருமல்.

...இருங்க, தள்ளி வந்துடறேன்... ஏம்மா, அந்த மாலைய ஈரத்துணி போட்டு மூடி வை, வாடிரும்... ம், இப்ப சொல்லுங்க... ஒண்ணுமில்ல, இங்க ஒரு விசேஷம். மேளக்காரங்க இப்பத்தான் வந்து எறங்குறாங்க... யாரு வீட்டு விசேஷமா? அது கெடக்குது. உங்க கதையச் சொல்லுங்க.

முன்னாடி எறங்குச்சா, பின்னாடி எறங்குச்சா?... வலதுபக்கம் முன்னாடி... அப்புறம் நாலுமா?... டயர் மேல பாடி வந்து ஒக்காந்துருச்சு. அசைக்க முடியல. ம்... ம்... அதேதான். சக்கரத்துக்கு மேல ரப்பர்ல ஒரு காத்துப் பை இருக்கும்ல, அது போச்சு. டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு எரிஞ்சுதா?... எப்பலேருந்து?... போன மாசத்துலேருந்தா!... அதும்மேல என்ன ஒட்டினீங்க?... பிள்ளையார் ஸ்டிக்கரா? எரியற லைட்டு மேலயா? நல்லாருக்குண்ணே. காரும் பிள்ளையார் கணக்கா சம்மணம் போட்டு ஒக்காந்துருச்சு.

...கோவிச்சுக்காதீங்க. தொழில்ல கேக்கறதத்தான் கேக்கறேன். காலையில எடுக்கும்போது தாழ்ந்து கெடக்கும், ஸ்டார்ட் பண்ணினதும் மூச்சிரைச்சுக்கிட்டு மேல எழும்பும். அப்படித்தான?... ஓட்டைப் பையில காத்தடிச்சு அடிச்சுக் கம்ப்ரஸரும் எரிஞ்சு போயிருக்கும். ஒரு மாசம் முன்னாடி உங்க டிரைவர் நம்ம ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாந்தாரே... ஆமா, உங்களுக்குத் தெரியாமத்தான். நான்தான் குனிஞ்சு பாத்தேன். எலி கடிச்சிருந்துச்சு. நெல்லு மூட்டைக்கு நடுவுல குடோன்ல கொண்டுபோய் நிறுத்தினா எலி என்ன, காரைச் சுத்தி வந்து கும்புடுமா? திருஷ்டிக்குப் பூசணிக்கா கட்டத் தெரிஞ்சுது, எலிக்கு ஒரு கிட்டி வைக்கத் தோணல... நாலு பையையும் மாத்துங்க, கம்ப்ரஸரையும் மாத்துங்க, இல்லாட்டி காத்தே வேணாம், சாதா ஸ்பிரிங் போட்டுக்கச் சொல்லுங்க, நம்மூரு ரோட்டுக்கு அதுதான் தாங்கும்னு சொல்லி அனுப்பினேன். சொன்னாரா இல்லையா?... சொன்னாருல்ல. நீங்க என்ன சொன்னீங்க?... மறந்துட்டீங்களா? நான் சொல்றேன். "கிரீஸ் தொடைக்கிறவ எனக்குப் புத்தி சொல்றாளா"ன்னீங்க. அப்படியே வந்து சொல்லிட்டாரு, ஒரு வார்த்தை விடல.

...சரி, சரி. பழசு வேணாம். இப்ப எங்க நிக்கறீங்க?... வடுவூர் தாண்டி... ரோட்டுல நெல்லு காயப் போட்டிருக்காங்களே, அங்கயா?... அதுக்கு மேலயா! நெல்லு மேலயே ஒக்காந்துருச்சா!... அடடா.

தஞ்சாவூர்ல உங்களுக்கு என்ன, வேற நாள் போயிக்கலாம்ல?... ஓ. நம்ம பொண்ணு கவிக்கு நிச்சயதார்த்தமா? இன்னைக்கா?... அப்படியா. எனக்கு எப்படித் தெரியும், நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே... பரவால்ல, பரவால்ல. பொண்ணு நல்லாருந்தாச் சரி. அப்ப அண்ணியும் கவியும் கார்லயா?... டிரைவரோட வேன்ல முன்னாடி போயிட்டாங்க. ம். நீங்க மட்டும் கடைசியா அந்தப் பெரிய கார்ல தனியாப் போயி வாசல்ல எறங்கணும்னு... புரியுது, புரியுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கணும்ல.

அண்ணிக்கு அடிச்சீங்களா?... எடுக்கலையா. வேலையா இருப்பாங்க, பாவம்.

யாரு பைக்குலயாவது ஏறிப் போயிருங்களேன்... யாரு விடமாட்டேங்கறாங்க?... சாவியப் புடுங்கிட்டாங்களா? யாரு, நெல்லுக்காரங்களா?... ஒரு அம்மாவா? அந்த ஒரு அம்மாவத் தாண்டி உங்களால போக முடியலையா?... கையில என்ன?... நெல்லு தள்ற பலகையா. சரி, சரி, அப்ப கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.

அந்தம்மாக்கிட்ட ஃபோனக் குடுங்க... அட, சமாதானமாத்தான் பேசுவேன். குடுங்கண்ணே.

...வணக்கங்க. நான் அந்தக் கார்க்காரரோட தங்கச்சி பேசறேன். மன்னார்குடியில காரு தூக்கற லாரி வச்சிருக்கேன்... ஆமாங்க, மஞ்ச லாரி, அதுதான்... உங்க பேரு?... நாகம்மாளா. சொல்லுங்கக்கா... ம்... ம்... குறுவை நெல்லா... அய்யோ. ஈரம்னு கொள்முதல் நெலையத்துல திருப்பி அனுப்பினதா?... ரெண்டாவது தடவ காயுதா... மேக்க கருக்குதா அங்க? ஆமாக்கா, ஐப்பசி மழை, நனைஞ்சா மொளச்சுப் போயிரும்... அதுக்கு இவரு என்ன சொன்னாரு?... "ரோடு உங்கப்பன் வீட்டுதா"ன்னாரா!... அப்படித்தான் பேசுவாரு. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்.

அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. டிராக்டர்ல கயித்தக் கட்டி இழுத்துராதீங்க. காரு தரையில ஒக்காந்திருக்கு, இழுத்தா அடியில இருக்கற நெல்லு பூரா தவிடாப் போயிரும். எங்க லாரி வந்து மேல ஏத்தினாத்தான் உண்டு. அதுவரைக்கும் ஆள விட்டுராதீங்க... ஆமாக்கா, தங்கச்சிதான் சொல்றேன்... விட்டாப் போயிருவாருக்கா. அப்புறம் உங்க நெல்லு காருக்கு அடியிலயே கெடக்கும்... சத்தியம் பண்ணுவாரு. நம்பிராதீங்க. எங்கிட்டயும் பண்ணினாரு... குடிக்கத் தண்ணி வேணா குடுங்க. சக்கரை இருக்கு, மோர் குடுத்தாலும் நல்லதுதான்... சரிக்கா. அவருக்கிட்ட குடுங்க.

...அண்ணே? பேசிட்டேன். நல்ல மனுஷி. உங்களப் பத்திரமாப் பாத்துக்குவாங்க... அதுக்கு மேல என்ன பேசறது? நெல்லு அவங்களுதுதான.

லாரிதான? அனுப்பிருவோம். லைன்லயே இருங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். வச்சுராதீங்க, வச்சா அப்புறம் கெடைக்க மாட்டேன்...

...

...ம். வந்துட்டேன். சொல்லியாச்சு... சொல்ல வேண்டியவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு. உங்க மச்சான் ஃபோன்லேருந்து வைரக்கண்ணுக்கும் அடிச்சாச்சு. மன்னார்குடியிலேருந்து கெளம்பிட்டாரு... எந்த வைரக்கண்ணுவா? லாரி ஓட்டறவரு... "அவனா"வா? அண்ணே, மரியாதையாப் பேசுங்க. அவரு என் மகளுக்குத் தாய்மாமன்.

...ஆமா. தப்பாச் சொல்லல. நெஜமாத்தான் சொல்றேன். மணவறைக்கு அழைச்சுட்டு வந்தவரு யாரோ அவருதான தாய்மாமன்?

...இல்ல, இப்பத்தான் பேசணும். எப்பப் பேசறது? லாரி வர்ற வரைக்கும் உங்களுக்கும் வேலை இல்ல, நாகம்மாக்காவும் உங்கள எங்கயும் விடப் போறதில்ல. கேளுங்க.

வலங்கைமான் மண்டபத்துல சபை நெறஞ்சு ஒக்காந்திருக்கு. பொண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். அய்யரு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறாரு. எனக்குக் கூடப் பொறந்தவரு நீங்க ஒருத்தருதான. நீங்க என்ன பண்ணினீங்க? ஃபோன் அடிச்சீங்க. என்ன சொன்னீங்க? உங்க வாயாலயே சொல்லுங்க... சொல்ல மாட்டீங்க. நான் சொல்றேன். "குந்தவை, நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கிட்ட வண்டி உக்காந்துருச்சும்மா. புது வண்டி, காத்துப் பை வெடிச்சுருச்சு. சீர்த்தட்டெல்லாம் வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறேன். சத்தியமா"ன்னீங்க. குரல் கூடத் தழுதழுத்துச்சு.

நான் நம்பினேண்ணே. அய்யோ, எங்கண்ணன் வெயில்ல நிக்கிதேன்னு துடிச்சுப் போனேன். வைரக்கண்ணு பட்டு வேட்டி கட்டி, பந்தியில எலை போட்டுக்கிட்டு இருந்தாரு. அவர எழுப்பி, போயி அண்ணனைக் காரோட தூக்கிட்டு வாங்கன்னு லாரிய அனுப்பினேன். தாலி கட்டற நேரத்துல எந்தப் பொண்ணைப் பெத்தவளாவது லாரி அனுப்புவாளா? நான் அனுப்பினேன்.

அவரு போனாரு. கேட்டு சாத்தியிருந்துச்சு. இந்தப் பக்கம் நின்ன வண்டியெல்லாம் ஒவ்வொண்ணா குனிஞ்சு பாத்தாரு. தெறந்ததும் அந்தப் பக்கம் போயிப் பாத்தாரு. டீக்கடையில கேட்டாரு. எந்தக் காரும் உக்காரல. சரின்னு திரும்பி வந்தாரு. வர்ற வழியில பின்னாடி ஒரு வண்டி ஹாரன் மேல ஹாரன். ஒதுங்கி வழி விட்டாரு... யாரு வண்டியா? உங்க காருதான். கறுப்புக் காரு. நல்லா நெஞ்ச நிமித்திக்கிட்டு, உங்களத் தூக்க வந்த லாரியவே முந்திக்கிட்டு, எங்க மண்டப வாசல் வழியாவே கும்பகோணத்துக்குப் போச்சு. வாசல்ல கட்டியிருந்த வாழைமரம் ஆடிச்சாம், அந்த வேகம்.

அவரு வந்தவரு எங்கிட்ட அதச் சொல்லல. மொகத்தத் தொடச்சுட்டு, "மாலையக் குடுங்கம்மா, நேரம் போவுது, நான் நிக்கறேன்"னாரு. கையில ஸ்டியரிங் புடிச்ச கறை. அந்தக் கையாலதான் என் மகளை அழைச்சுட்டு வந்தாரு. தாலி ஏறினப்புறம்தான் ஓரமாக் கூப்பிட்டு நடந்ததச் சொன்னாரு. அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுப் பொம்பள ஒருத்தி கேட்டுட்டா, பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா, இருந்தும் இல்லையான்னு. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல ஏதாவது ஒண்ணுன்னா மங்கைக்கு அந்தப் பேச்சுதான் வருது. "உங்க மாமா காரு இன்னுமா நீடாமங்கலத்துல நிக்குது?"ன்னு கேப்பாங்களாம். எல்லாரும் சிரிப்பாங்களாம். அவளும் சேந்து சிரிப்பாளாம். எங்கிட்ட வந்துதான் அழுவா.

...எங்க போனீங்க அன்னைக்கு?

...இன்னும் நீடாமங்கலம் கேட்டுதானா? எத்தனை வருஷத்துக்குண்ணே அந்தக் கேட்டையே சாத்தி வச்சிருப்பீங்க?... லாரிக்காரரு கண்ணு பொய் சொல்லுமா?... எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். நீயே சொல்லு... ஆமா, "நீ"தான். ஒரு வயத்துல பொறந்தோம்ல, சொல்லு!... லாரி நடுவழியில இருக்கு. நான் ஒரு ஃபோன் அடிச்சா அப்படியே திரும்பிரும். சொல்லு.

...ம்.

...ம்... கும்பகோணம். யாரு வீட்டுக்கு?... மில்லு ராஜராஜன் வீட்டுக்கு. புது வீடு கிரகப்பிரவேசம்... ஆங். ஒரே நாள்ல ரெண்டு விசேஷம். பெரிய எடத்துக்குப் போயிட்டீங்க... அதுக்கு மட்டுமா? முழுசாச் சொல்லுங்க... கவிய அவரு பையன் சூர்யபிரகாஷுக்குக் குடுக்கணும்னு அப்பவே மனசுல... ம்... அதனால?... ஒர்க்‌ஷாப்பு வச்சிருக்கறவ உங்க தங்கச்சின்னு அவருக்குத் தெரிஞ்சா நின்னு போயிரும்னு... ம். ம்.

அப்பாடா.

இல்லண்ணே, அழல. நான் ஏன் அழறேன். இத்தன நாளா தெரிஞ்ச விஷயந்தான். உங்க வாயால ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டாச்சு.

...மன்னிப்பா? அத என்கிட்ட கேட்டு என்ன பண்ணறது? மங்கைக்கிட்ட கேளுங்க. நம்பர் வேணா அனுப்பறேன்.

...லாரியா? வருது, வருது. நான் ஏன் திருப்பறேன், சும்மா சொன்னேன். நீடாமங்கலம் வழியா வருது.

...ஆமா, சுத்துதான். மன்னார்குடியிலேருந்து நேரா வந்தா கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள உங்கக்கிட்ட வந்துரும். தெரியும். நான்தான் அப்படி வரச் சொன்னேன். கேட்டுக்கிட்ட நின்னு, ரெண்டு பக்கமும் நல்லாத் தேடிப் பாத்துட்டு வாங்க, அன்னைக்கு அவசரத்துல நாம எங்கயாவது சரியாப் பாக்காம விட்டிருந்தாலும் விட்டிருப்போம்னு சொன்னேன். கேட்டு சாத்தியிருந்தா இன்னும் நல்லது.

...கத்தாதீங்க. நாகம்மாக்கா பயந்துரப் போறாங்க... நல்ல நேரம் முடியப் போவுதா? தெரியுமே. இங்கயும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

...இங்கன்னா இங்கதான்.

...யாரு கொரலு?... பின்னாடியா? கவி கொரல் மாதிரி இருக்கா?

மாதிரி என்ன. கவிதான்.

...ஹலோ... ஹலோ... அண்ணே, மூச்சு விடுங்க. கேக்குது. மோர் இருந்தா ஒரு வாய் குடிங்க... ஆமா. தஞ்சாவூர் மண்டபத்துலதான் இருக்கேன். காலையிலேருந்து... நீங்க கூப்பிடல. உங்க பொண்ணு கூப்பிட்டா. ஸ்கூட்டியில தனியா வந்து வெத்தலபாக்கு வச்சா. "அப்பா கூப்பிட மாட்டாரு அத்தை, நீங்களும் மாமாவும் வந்துருங்க"ன்னு. அண்ணியும் என்னைப் பாத்ததும் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நகை, ஃபோன் எல்லாத்தையும் என் பையிலதான் குடுத்து வச்சிருக்காங்க.

...ஆமா. அண்ணி ஃபோன் எங்கிட்டதான் இருக்கு. நீங்க திரும்பத் திரும்ப அடிச்சது தெரிஞ்சுது. அடுத்தது எனக்குத்தான் அடிப்பீங்கன்னு அப்பவே தெரியும். இந்தப் பக்கத்துல காரு தூக்கற லாரி வேற யாருக்கிட்ட இருக்கு?

...நடுவுல யாருக்கிட்ட என்ன சொன்னேனா? அண்ணிக்கிட்ட சொன்னேன். சம்பந்தி ராஜராஜன்கிட்ட சொன்னேன். "வண்டி உக்காந்துருச்சாம், நடுரோட்டுல நிக்கிறாராம். நேரம் தப்பக் கூடாது, தங்கச்சியும் மச்சானும் நின்னு தட்ட மாத்திக்கங்கன்னு சொல்லிட்டாரு"ன்னேன்... ஆமா, நீங்க சொல்லல. பொய்தான். உங்ககிட்டேருந்து கத்துக்கிட்டது. குரல் கூடக் கொஞ்சம் தழுதழுத்துச்சு.

நான் என்ன தொழில் பண்றேன்னு சம்பந்தி கேட்டாரு. சொன்னேன். நின்னு போகலையேண்ணே. "எங்க நெல்லு லாரி ஒண்ணு ரெண்டு மாசமா ஓடாமக் கெடக்கு, வந்து பாக்கறீங்களாம்மா"ன்னாரு. இதுக்குத்தான் அன்னைக்கு அந்த ஓட்டம் ஓடினீங்க.

...உக்காந்துருச்சுன்னதை நம்பினாரான்னா? சொன்னதும் அவரு சம்சாரம் சிரிச்சுட்டாங்க. "எங்க கிரகப்பிரவேசத்தன்னைக்கு என்னை ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டினாரே, மேகத்துல போற மாதிரி இருக்கும், இந்த வண்டி சாவறவரைக்கும் உக்காராதுன்னாரே"ன்னாங்க. நீங்க வந்து சொல்லிக்கங்க. நம்பினா நம்பட்டும்.

...கவியா? வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. ஒவ்வொரு காரு சத்தத்துக்கும் கழுத்து திரும்புது... அதப் பாக்க எனக்கே பாவமா இருக்குண்ணே. இல்லன்னு சொல்ல மாட்டேன். என் மகளும் அப்படித்தான் பாத்துக்கிட்டு நின்னா... ஆனா இவளுக்குத் தட்டு மாத்த ஆளு இருக்கு. நான் இருக்கேன். அன்னைக்கு மங்கைக்கு நீங்க இருந்தீங்களா?

...நாகம்மாக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்கதான். ஒரே ஒரு வார்த்தை... ம்... ம்... கெஞ்சாதீங்க... நீங்க கெஞ்சி நான் கேட்டதில்ல, பழக்கமில்ல எனக்கு... இனிமே பைக்குல பறந்து வந்தாலும் பந்திக்குத்தான் வந்து சேருவீங்க. வாங்க, எலை போடச் சொல்றேன். நல்ல சாப்பாடு.

...இதோ... வந்துட்டேன், வந்துட்டேன் அண்ணி!... ஏங்க, துண்டை இடுப்புல கட்டுங்க, சம்பந்தி எழுந்துட்டாரு பாருங்க... கவி, இப்படி வந்து நில்லும்மா, அத்தை பக்கத்துல. வாசலப் பாக்காத, சபையப் பாரு...

அண்ணே, மேளம் கேக்குதா?... கெட்டிமேளம்... ஆமா, இதுதான்... அண்ணே, அய்யரு கூப்பிடறாரு. தட்ட ஒத்தக் கையால வாங்கக் கூடாது, ரெண்டு கையும் வேணும்.

வைக்கிறேன்.